அத்தியாயம் 5: வலிக்காத உறுப்புகளைக் காப்பது எப்படி?

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் காலை ரயிலுக்குக் காத்திருப்பவர்களில் பலருக்கு வேலை வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ இருக்கிறது. டேனரியில் டிரம் அருகே நிற்பவர், ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர், பசை தடவுபவர், கழிவுநீர் நிலையத்தில் கசடு அள்ளுபவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இந்த அத்தியாயம் அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதப்பட்டது.

சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், கழிவு நீக்க மண்டலம் என்று பள்ளியில் தனித்தனிப் பாடமாகப் படித்தோம். வேலையிடத்தில் உடலுக்குள் நுழையும் ரசாயனம் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை. தோல், மூச்சு, வாய் ஆகிய மூன்று வழிகளில் ஒன்றில் நுழைகிறது, இரத்தத்தில் கலக்கிறது, கல்லீரலில் வேறு பொருளாக மாறுகிறது, பெரும்பாலும் சிறுநீரிலும், கொஞ்சம் மூச்சிலும் மலத்திலும் வெளியேறுகிறது. இடையில் எங்கே தங்குகிறதோ அந்த உறுப்பு கெடுகிறது.

தோலும் கண்ணும் உடனே எரியும். கை தானாகப் பின்வாங்கும். நுரையீரலின் காற்றுப்பைகளுக்கும் கல்லீரலின் உட்திசுவுக்கும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்கும் அப்படி வலிக்கத் தெரியாது. சிறுநீரகம் பாதிக்கு மேல் செயலிழந்த பிறகும் ஆள் வழக்கம்போல வேலைக்குப் போய்வருவார். "இருபது வருஷமா இதே வேலைதான், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர் தன் தோலைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்ல முடியும். வலிக்காத உறுப்புகளை, அவை எப்படி இயங்குகின்றன என்ற அறிவைக் கொண்டுதான் காக்க வேண்டும்.

தோல்: முதல் வாசல்

டேனரிக்காரருக்குத் தோலின் அமைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே மயிரோடு கூடிய மெல்லிய மேல்தோல், நடுவில் நார்ப்பின்னலான உள்தோல், அடியில் சதையும் கொழுப்பும். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்து மயிரையும் மேல்தோலையும் கரைக்கின்றன. அடிச்சதையை ஃப்ளெஷிங் மெஷின் சீவி எடுக்கிறது. நடுவில் எஞ்சும் கொலாஜன் நார்தான் லெதர் ஆகிறது.

மயிரும் மேல்தோலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. நம் நகம், தலைமுடி, உள்ளங்கையின் மேலடுக்கு எல்லாமே அதே கெரட்டின்தான். சுண்ணாம்புக் குழிக்கு மாடு எது, மனிதர் எது என்று தெரியாது. அந்தக் கரைசலின் காரத்தன்மை 12 பி.எச். அளவில் இருக்கும், நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை கொண்டது, சுமார் 5. குழியில் கை பட்டதும் விரல் வழுவழுப்பதைச் சிலர் சோப்புப் போலச் சுத்தம் செய்கிறது என்று நினைக்கிறார்கள். தோலின் எண்ணெயும் மேலடுக்கும் கரையத் தொடங்கியிருக்கின்றன என்பதே அதன் பொருள்.

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். அதற்குள் மறுபடி மறுபடி கரைந்தால் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்த கையோடு குரோம் டிரம்முக்குப் போகும்போது அடுத்த சிக்கல் ஆரம்பமாகிறது. பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது குரோமியம்-3. அது நல்ல தோலுக்குள் எளிதில் புகாது. வெடித்த தோலில் புகுந்து ஒவ்வாமையை உண்டாக்கலாம்: அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம், தடித்த கருந்தோல். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். டேனரியை விட்டு விலகிக் கட்டட வேலைக்குப் போனாலும், சிமென்ட்டில் சிறிதளவு இருக்கும் குரோமியம் அதைத் தூண்டிவிடும்.

குரோமியம்-6 இதைவிடக் கொடியது. செல்லின் சவ்வை எளிதாகத் தாண்டி உள்ளே போகும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலையில் இருப்பது இந்த வகைதான். நிலத்தடி நீர் மஞ்சளாக மாறியது என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வதன் காரணமும் இதுவே. டேனரிக்குள் வரும் மூட்டையில் எந்தக் குரோமியம் இருக்கிறது என்று லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை:

- முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போடுங்கள். போடுமுன் தண்ணீர் ஊற்றிப் பொத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கசிந்த கரைசல் வெளியேற வழியின்றித் தோலோடு ஊறுவதால், பொத்தல் கையுறை வெறுங்கையைவிட மோசம்.
- உலர்ந்த சுண்ணாம்புத் தூள் மேலே கொட்டினால், முதலில் தட்டி உதறுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.
- கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். பயண நேரம் முழுக்கக் கண் வெந்துகொண்டிருக்கும்.
- பசையும் சாயமும் பட்ட கையைத் தின்னரில் கழுவாதீர்கள். தோலின் எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தின்னரே உள்ளே போகும்.
- வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கழுவாத கையில் எண்ணெய் தடவுவதால் பயனில்லை.
- பச்சைத் தோல் கையாள்பவர்கள் சிறு கீறலையும் மூடி வையுங்கள். கையிலோ கழுத்திலோ வலியே இல்லாத கொப்புளம் வந்து, நடுவில் கறுத்த பொருக்கு கட்டினால் அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். உடனே சிகிச்சை எடுத்தால் மருந்தில் குணமாகும்.

மூச்சு: தூசி ஒரு விதம், வாயு வேறு விதம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று நுரையீரலுக்குப் போய்வருகிறது. ஈரத்தோலைத் தூக்கிப் போடும் வேலையில் இது பல மடங்காகும். வீட்டில் ஓய்வாக இருப்பவரும் டிரம் அருகே உழைப்பவரும் ஒரே காற்றைச் சுவாசித்தால்கூட, உழைப்பவருக்குள் போகும் நஞ்சின் அளவு அதிகம்.

நுரையீரலுக்குள் சுமார் 30 கோடி காற்றுப்பைகள். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். உடம்பின் மொத்தத் தோல் இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். வெளியுலகம் நம்மைத் தொடும் பரப்பு தோலில் இருப்பதைவிட மார்புக்குள் பல மடங்கு அதிகம் என்று இதற்குப் பொருள். அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் திரை தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லியது.

பெரிய தூசியை மூக்கு மயிர் பிடித்துக்கொள்ளும். அடுத்ததை மூச்சுக்குழாயின் நுண்ரோமங்கள் சளியோடு மேலே தள்ளிவிடும். பஃபிங் மெஷினில் பறக்கும் மிக நுண்ணிய தூசி இவ்விரண்டையும் தாண்டிக் காற்றுப்பை வரை போகும். அங்கே நுண்ரோமம் கிடையாது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு மேலே இருக்கும் நுண்ரோமங்களும் செயலிழப்பதால், ஒரே மெஷினில் நிற்கும் இருவரில் அவருக்கே தூசி அதிகம் தங்கும்.

பஃபிங் பகுதியில் தூசி உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி மேலே எழும், ஈரத்துணியால் துடையுங்கள். தூசிக்குரிய என்-95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொள்வது முகத்துக்குச் சுத்தம், நுரையீரலுக்குக் காவல் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், "தூசி இருமல்தான்" என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

நாற்றம் நின்றால் ஓடுங்கள்

இந்தப் பகுதியை வேலைக்குப் புதிதாகச் சேரும் எவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சுண்ணாம்புப் பிரிவிலிருந்து வரும் சல்ஃபைடு நீரும், பிக்கிள் பிரிவிலிருந்து வரும் அமில நீரும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். தேங்கிய கழிவுநீர்க் கசடில் நுண்ணுயிர்களும் இதே வாயுவை உண்டாக்குகின்றன. அது கசடுக்குள் அடங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் கிளறும்போது மொத்தமாக மேலே வரும். காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில் தங்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாத அதே தொட்டி கீழே இறங்குபவருக்கு எமனாகும்.

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடத்தில் மோப்ப நரம்பு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இனிமே இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரமே உயிருக்கு ஆபத்தான நேரம். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? நுரையீரல் ஆக்சிஜனை எடுக்கிறது, இதயம் அதைக் கொண்டுபோகிறது, இரத்தம் செல்லுக்குச் சேர்க்கிறது. ஆனால் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை இந்த வாயு முடக்கிவிடுகிறது. ஆக்சிஜன் வந்து சேர்ந்தும் செல் மூச்சுத் திணறுகிறது. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் மையம் முதலில் நிற்கும். அதன் பின் இதயம் நிற்கும்.

ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார். அவரும் விழ, மூன்றாமவர் இறங்குகிறார். இந்த வகை விபத்துகளில் பல உயிர்கள் சேர்ந்து போவது இப்படித்தான். தொட்டி, குழி, அறை போன்ற மூடிய இடத்தில் நச்சுவாயு இருக்கக்கூடுமென்றால், சோதித்துத் தந்த சான்றோ, சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறுமோ இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே சொல்லிவிட்டது. ஆகவே:

- வாயு அளவி கொண்டு சோதிக்காத தொட்டியில் மேஸ்திரி சொன்னாலும் இறங்காதீர்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. இந்த வாயு தீப்பற்றக் கூடியது.
- தூசிக் கவசம் வாயுவைத் தடுக்காது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும்.
- உள்ளே ஒருவர் விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். அவர் இடுப்புக் கயிற்றை மேலிருந்து இழுங்கள். தீயணைப்புத் துறையையும் 108-ஐயும் அழையுங்கள்.
- வெளியே எடுத்தவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். அவர் நுரையீரலில் எஞ்சிய வாயு உங்களைத் தாக்கலாம்.

இரத்தமும் கல்லீரலும்: பசை போகும் வழி

சாப்பிட்ட பொருள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் போகும். உடம்பு முழுக்கப் பரவுமுன் அங்கே ஒரு முறை நஞ்சு முறிகிறது. மூச்சில் போன பொருளுக்கு இந்தத் தடை கிடையாது. காற்றுப்பையிலிருந்து இதயத்தின் இடப்பக்கம், அங்கிருந்து சில நொடிகளில் மூளை. இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பேஸ்டிங் டேபிளில் உட்கார்ந்திருப்பவருக்கு மத்தியானத்தில் வரும் தலைவலி, கிறுகிறுப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாவற்றையும் பசியின் மேல் போட்டுவிடாதீர்கள். பசையில் இருக்கும் தொலுயீன் போன்ற கரைப்பான்கள் மூளையைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தலைவலி இல்லாமல் திங்கட்கிழமை திரும்ப வந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

கல்லீரல் தொலுயீனை ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். மாலையில் மது குடித்தால் கல்லீரல் மதுவைக் கவனிப்பதில் இறங்கிவிடும். தொலுயீன் அதிக நேரம் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். "பசை நாத்தம் போகக் கொஞ்சம் குடிச்சாத்தான்" என்பது ஒரு சுமையின் மேல் இன்னொரு சுமை ஏற்றுவது. தொலுயீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். கருவுற்றவர்கள் கடைசி மாதம் வரை காத்திராமல், தெரிந்த உடனே வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள்.

பசை டப்பாவைத் தேவையான நேரம் தவிர மூடி வையுங்கள். உறிஞ்சு விசிறி தலைக்கு மேலே இருந்தால், ஆவி உங்கள் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். மேசையின் மறுபக்கத்திலோ கீழோ இருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைப் பசை மேசையில் வைக்காதீர்கள்.

நரம்பு: வலி என்னும் காவல்

சில பசைகளிலும் தின்னர்களிலும் ஹெக்சேன் இருக்கும். கல்லீரல் இதை மாற்றும்போது, உள்ளே போனதைவிடக் கெட்ட பொருள் ஒன்று உருவாகி நரம்பிழைகளைத் தாக்குகிறது. 1960களில் ஜப்பானில் செருப்புச் செய்பவர்களிடமும், பின்னர் இத்தாலியின் காலணித் தொழிலாளர்களிடமும் இது வெளிப்பட்டது. மிக நீளமான நரம்புதான் முதலில் கெடும். அதனால் கால்விரலில் மரப்பு தொடங்கி, மேலேறி, பிறகு கைவிரலுக்கு வரும். செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமல் போவது, மாடிப்படியில் கால் தடுக்குவது, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவது முதல் அறிகுறிகள்.

மரப்பை ஏன் அற்பமாக நினைக்கக் கூடாது என்பதை உலகுக்குக் காட்டிய இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். நோய் நரம்பைக் கொன்று வலி உணர்வைப் பறிக்கிறது என்பதையும், சூடான பாத்திரமும் ஆணியும் தேய்ந்த செருப்பும் தெரியாமல் ஏற்படுத்தும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதையும் அவர் நிறுவினார். அவரும் உடனிருந்தவர்களும் கரிகிரி தொழுநோய் மையத்தாரும் அறுவை சிகிச்சையோடு நிற்கவில்லை. மரத்துப்போன பாதத்துக்கு மென்மையான நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பையும் உருவாக்கினார்கள். இன்று அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலும், கரைப்பானோடு வேலை செய்தாலும், இரவில் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். எட்டாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள் அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகு போடுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினாலும் தெரியாத இடம் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது இன்று மருந்தில் குணமாகும் நோய்.

சிறுநீரகம்: கடைசி வடிகட்டி

இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் நீரை அவை வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விடுகின்றன. தோலிலும் மூச்சிலும் நுழைந்த பலவும் கடைசியில் செறிவாகச் சேரும் இடம் இதுதான். நீர் குறைந்தால் அதே நஞ்சு குறைந்த நீரில் அடர்த்தியாக நிற்கும்.

வேலூர்ப் பக்கத்து வெயிலில், தகரக்கூரைக்குக் கீழே கடும் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நடுவில் உப்புப் போட்ட மோர் நல்லது. இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பையும் நீரின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தால் தண்ணீர் போதவில்லை.

கழிப்பறைக்குப் போக நேரம் தரமாட்டார்கள் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஷூ கம்பெனிகளில் இருக்கிறார்கள். பெண்களின் சிறுநீர்க் குழாய் குட்டையானது. அடக்கி வைத்தால் தொற்று எளிதில் ஏறும். எரிச்சலோடு காய்ச்சலும் விலா வலியும் வந்தால் தொற்று சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். கழிப்பறை இடைவேளையைக் கேட்டுப் பெறுவது மருத்துவத் தேவை. தனியாகக் கேட்கத் தயங்கினால் லைன் முழுக்கச் சேர்ந்து கேளுங்கள்.

உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் தினமும் விழுங்கினால் கேடு இரட்டிப்பு. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. அந்த வசதி பக்கத்தில் இருந்தாலும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

வலிக்காத உறுப்பைப் பற்றி இரத்தமும் சிறுநீரும்தான் பேசும். ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரல் சோதனை, தூசியில் வேலை செய்பவருக்கு ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை ஆகியவற்றைச் செய்யுங்கள். பழைய சீட்டுகளை எறியாதீர்கள். ஒரு வருடத்து எண்ணைவிட, ஐந்து வருடத்து எண்கள் போகும் திசை மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

பெரும்பாலான நேரம் மருத்துவர் "என்ன செய்யுது?" என்று கேட்பார், "என்ன வேலை செய்யுறீங்க?" என்று கேட்க நேரமிருக்காது. நீங்களே சொல்லுங்கள். கம்பெனி வேலை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தப் பிரிவு, எத்தனை வருடம், எந்த ரசாயனம், விடுமுறை நாளில் தொல்லை குறைகிறதா ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, ரசாயன டப்பாவின் லேபிளை ஃபோனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். குரோமியத்தால் வரும் நோய்கள் இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் நோய் என்று உறுதியானால் வேலையில் பட்ட காயத்துக்குரிய உதவித்தொகைக்கு வழி உண்டு. அதற்கு உங்கள் வேலைப் பிரிவு மருத்துவச் சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.